மரம் நிற்கும் தெருவில் சாலை வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலையை அகலப்படுத்தும்போதும் நடைபாதை, வடிகால் போடும்போதும் அங்கே ஏற்கெனவே நிற்கிற மரங்களை என்ன செய்வது? இதைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். கேட்பவர்களில் சிலர் மரத்தின் பக்கம், சிலர் சாலையின் பக்கம். நான் தெரு வரைபடங்களோடு மல்லுக்கட்டுகிற ஆள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறேன். என் சாய்வு அங்கங்கே தெரியும்.

சாலையை மேம்படுத்த வேண்டுமென்றால் மரம் போயே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. இடம் போதாமல் போகும் மரங்களைவிட, வரைபடத்தில் இல்லாததால் போகும் மரங்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம். நில அளவை செய்தவர் மின்கம்பம், சாக்கடை மூடி, கட்டட மூலை எல்லாவற்றையும் துல்லியமாகக் குறித்திருப்பார். மரத்துக்குப் பேருக்கு ஒரு சின்ன வட்டம் இருக்கும், சில தாள்களில் அதுவும் இருக்காது. அந்தத் தாளில் சாலை விளிம்பை நேர்கோடாக இழுத்து, அளவுப் பட்டியல் போட்டு, ஒப்பந்தமும் விட்டாகிவிட்டது. அப்புறம் களத்துக்குப் போகிறவர் கண்ணுக்கு மரம் இடைஞ்சலாகத்தானே தெரியும்? அந்த நேரத்தில் கோட்டை ஒன்றரை மீட்டர் நகர்த்தச் சொன்னால் வடிகால் மட்டம் மாறும், பட்டியல் மாறும், யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஆறு மாதம் முன்னால் அதே ஒன்றரை மீட்டரை அழித்து வரைய அரை நாள் போதும்.

மரத்தால் சாலைக்குச் செலவு என்பதும் பாதிக் கணக்குதான். தார் வெயிலில் காய்ந்து, பசை போய், வெடிக்கிறது. நிழல் இருந்தால் அது தள்ளிப்போகும். கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரத் தெருக்களை ஒப்பிட்டு 2005ல் வெளியான ஆய்வு, நல்ல நிழலுள்ள தெருக்களுக்கு மேல்பூச்சு வேலை குறைவாகத் தேவைப்படுகிறது என்று காட்டியது.

அடிமரத்தைத் தொடவே இல்லை. பக்கத்தில் கொஞ்சம் தோண்டினோம், அவ்வளவுதான். மரம் ஏன் பட்டுப்போனது?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

மரத்துக்கு மேலே எவ்வளவு உயரமோ, மண்ணுக்குக் கீழேயும் அவ்வளவு ஆழம் என்று பள்ளிக்கூடப் படத்தில் பார்த்திருப்போம். அந்தப் படம் தவறு. வளர்ந்த தெருமரத்தின் வேரில் பெரும்பகுதி மேலே உள்ள 60 செ.மீ. மண்ணுக்குள்தான் இருக்கும். வேரும் மூச்சு விடுகிறது, அதற்குக் காற்று வேண்டும், ஆழத்தில் காற்று கிடையாது. அதனால் வேர் கீழே போவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஓடுகிறது, கிளை விரிந்திருக்கும் எல்லையையும் தாண்டிப் போகிறது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் சல்லிவேர்கள் அந்தத் தொலைவில்தான் அதிகம். மரத்துக்கு அடியில் பாய் விரித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வடிகாலுக்காக அடிமரத்தை ஒட்டி ஒரே நீளமாக முக்கால் மீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுகிறோம். பாயில் பாதியைக் கிழித்தாகிவிட்டது. மரம் அன்றைக்கே சாகாது. கட்டையிலும் மிச்ச வேரிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தை வைத்து ஒப்பேற்றும். இரண்டு, மூன்று வருஷம் கழித்து, சில மரங்களில் அதற்கும் அப்புறம், உச்சிக்கிளை மொட்டையாகும், இலை சிறுத்துப்போகும், காய்ந்த கொம்பு விழும். அதற்குள் ஒப்பந்தக்காரர் கணக்கு முடித்துப் போயிருப்பார். ‘மரத்துக்கு வயசாகிவிட்டது’ என்று எழுதி வெட்டிவிடுவார்கள்.

அடிமரத்தைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்கும் தடித்த வேர்களின் கதை வேறு. அவைதான் மரத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. அவற்றை ஒரு பக்கம் அறுத்தால் மரம் பட்டுப்போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அடுத்த பெருங்காற்றிலேயே சாய்ந்துவிடும். அப்போதும் பழி மரத்தின் மேல்தான்.

தோண்டாமலேயே கொல்லவும் முடியும். கனரக வண்டி நாலைந்து முறை ஏறி இறங்கினாலே மண் இறுகிவிடும். மண்ணுக்கு இடையிலுள்ள காற்றறைகள் நசுங்கி, நீரும் காற்றும் இறங்காது. கடைசி நடையைவிட முதல் சில நடைகள்தான் அதிகச் சேதம் செய்கின்றன. எனவே ‘இனிமேல் ஏற்ற வேண்டாம்’ என்று பாதியில் சொல்வதால் பெரிய பயன் இல்லை.

மரத்திலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும்?

பரவலாகப் பயன்படும் கணக்கு ஒன்று உண்டு. ஏறக்குறைய நெஞ்சுயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, 12ஆல் பெருக்க வேண்டும். அந்த ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டால் அதுதான் காக்க வேண்டிய வேர்ப்பகுதி. பிரிட்டனின் பிஎஸ் 5837 (2012), ஆஸ்திரேலியாவின் 2009 தரநிலை இரண்டும் இந்த 12 மடங்கைத்தான் சொல்கின்றன. எவ்வளவு பெரிய மரமானாலும் ஆரம் 15 மீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்பதும் அவற்றில் உண்டு.

விட்டத்தை அளக்க வசதியில்லை என்றால் நாடாவால் சுற்றளவை எடுத்து நாலால் பெருக்குங்கள். சுற்றளவு ஒன்றரை மீட்டர் என்றால் ஏறத்தாழ 6 மீட்டர் ஆரம். களத்துக்கு இது போதும்.

இந்த வட்டம் ஒரு மதிப்பீடு, அவ்வளவுதான். ஒரு பக்கம் பழைய கட்டட அடித்தளம் இருந்தால் வேர் அந்தப் பக்கம் போயிருக்காது, திறந்த மண் இருக்கும் பக்கம் இன்னும் தள்ளி ஓடியிருக்கும். காற்றழுத்தக் கருவியால் மண்ணை ஊதி விலக்கினால் வேர் அறுபடாமல் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். அந்தக் கருவி இல்லையென்றால் மண்வெட்டியைப் பக்குவமாகப் பிடிக்கத் தெரிந்த இரண்டு ஆட்கள் போதும். ஜேசிபி வாளிக்கு வேரும் கல்லும் ஒன்றுதான்.

6 மீட்டரா? எங்கள் தெருவே அவ்வளவு அகலம் இல்லையே!

சரிதான். அந்த வட்டத்துக்குள் எதையும் செய்யாதே என்று சொன்னால் எந்தத் தெருவிலும் வேலை நடக்காது. வட்டத்துக்குள் என்ன செய்தாலும் மண்ணை வெட்டாமல், இறுக்காமல், மூடாமல் செய்ய வழி தேட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஆஸ்திரேலியத் தரநிலை, வட்டத்தின் பரப்பில் 10 சதவீதத்துக்குள் நுழைந்தால் சிறிய ஊடுருவல் என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாக வேறு பக்கம் மண்ணை விட்டுக்கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் மரம் பிழைக்குமா என்று நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் இடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். நான்கு தடச் சாலை, தடத்துக்கு 3.5 மீட்டர், மொத்தம் 14 மீட்டர். பேருந்து ஓடும் ஓரத் தடங்களை 3.3 மீட்டராகவும் உள் தடங்களை 3 மீட்டராகவும் வைத்தால் 12.6 மீட்டர்தான் ஆகிறது. மிச்சம் 1.4 மீட்டர். ஒரு வரிசை மரம் பிழைக்க அந்த அகலம் பல நேரம் போதும். தடம் குறுகினால் விபத்து கூடும் என்பார்கள். அமெரிக்க நகர, புறநகர்ச் சாலைகளை வைத்து 2007ல் வெளியான ஆய்வில், 3 மீட்டர் அளவிலான தடங்களால் விபத்து பொதுவாகக் கூடியதாகத் தெரியவில்லை. பரந்த தடத்தில் ஓட்டுநர் வேகமெடுக்கிறார் என்பது நாமே கண்ணால் பார்ப்பதுதானே.

இரண்டு பக்கமும் சமமாக அகலப்படுத்தும் பழக்கத்தையும் விடலாம். தாளில் நடுக்கோடு நேராக இருப்பது வரைகிறவருக்கு வசதி. ஒரே பக்கம் அகலப்படுத்தினால் எதிர்ப்பக்க வரிசை முழுதாகத் தப்பும். பழைய வரிசையையே சாலையின் நடுத்திட்டாக்கி, அதற்கு அப்பால் புதுத் தடம் போடுவது இன்னொரு வழி. வாகனம் நிறுத்தும் ஓரப்பட்டையில் மரம் நிற்கும் இடத்தில் மட்டும் நடைபாதையைப் புடைக்கச் செய்தால் ஒரு வண்டி நிற்கும் இடம்தான் குறையும். அந்த ஒரு வண்டிக்காகக் கூட்டம் போட்டுச் சண்டை நடக்கும், அது வேறு.

அகலப்படுத்தியே ஆக வேண்டுமா என்ற கேள்வியையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அமெரிக்கப் பெருநகரச் சாலைகளை ஆராய்ந்து 2011ல் வந்த புகழ்பெற்ற பொருளாதார ஆய்வு ஒன்று, சாலை நீளம் எவ்வளவு கூடுகிறதோ கிட்டத்தட்ட அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று கண்டது. நெரிசல் தீரவில்லை. சந்திப்பில் சிக்னலைச் சரிசெய்தால் முடிகிற காரியத்துக்கு ஒரு கிலோமீட்டர் மரங்களைக் கொடுக்கும் திட்டங்கள் உண்டு.

மரத்தில் வண்டி மோதினால் உயிர் போகுமே?

போகும். வேகமாக ஓடும் நெடுஞ்சாலையில், விளிம்பை ஒட்டித் தடித்த அடிமரம் இருப்பது ஆபத்துதான். அங்கே மரத்தைத் தள்ளி நட வேண்டும், அல்லது தடுப்புக் கம்பி போட வேண்டும். ஆனால் அந்த நெடுஞ்சாலை விதியை அப்படியே ஊருக்குள் கொண்டுவந்து, நடந்து போகிறவர்கள் நிறைந்த தெருவில் மரத்தை வெட்டக் காரணமாகக் காட்டுவது சரியில்லை. ஊருக்குள் மரத்தை எடுத்துவிட்டால், தடம் மாறி வரும் வண்டிக்கும் நடைபாதையில் நிற்கிற ஆளுக்கும் நடுவே எதுவும் இருக்காது. அங்கே குறைக்க வேண்டியது வேகம்.

சந்திப்பில் பார்வை மறைப்பது உண்மையான பிரச்சினை. ஒற்றை அடிமரத்தைவிடத் தாழ்ந்த கிளையும் செடிப்புதரும்தான் அதிகம் மறைக்கின்றன. சாலைக்கு மேல் ஐந்து மீட்டர் அளவுக்கும் நடைபாதைக்கு மேல் இரண்டரை மீட்டர் அளவுக்கும் கிளையை உயர்த்திக் கவாத்து செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வேர் நடைபாதையைத் தூக்கி உடைக்கிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தூக்குகிறது, உண்மைதான். ஆனால் ஏன் அங்கே வந்தது? இறுக்கிக் கெட்டித்த மண்ணில் வேர் நுழைய முடியாது. சிலாப்புக்கும் அதன் அடிப்படுகைக்கும் இடையில் காற்று இருக்கிறது, ஈரம் ஆவியாகிச் சிலாப்பின் அடியில் பட்டுத் தேங்கி நிற்கிறது. அந்தத் தெருவிலேயே வேருக்கு வாழ ஏற்ற இடம் அதுதான். மெல்லிய வேராகப் போய் அங்கேயே தடிக்கிறது, சிலாப் எழும்புகிறது. வேருக்குப் போக வேறு மண் கொடுக்காமல் சிலாப்பை மட்டும் மாற்றினால் சில வருஷத்தில் மறுபடியும் தூக்கும்.

செய்ய நிறைய இருக்கிறது. நடைபாதையை அந்த இடத்தில் வளைத்துக் கொண்டுபோகலாம். மேடான இடத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய சரிவு கொடுத்தால் சக்கர நாற்காலியும் தடங்கலின்றிப் போகும். கான்கிரீட்டுக்குப் பதில் பேவர் பிளாக் போட்டால் எழும்பிய பகுதியை மட்டும் கழற்றித் திரும்பப் பதிக்கலாம். வேருக்கு மேல் படாமல், சிறு தூண்களில் நிற்கும் பாலம் போன்ற பலகை போடலாம். வேரை அறுத்தே ஆக வேண்டுமென்றால் அடிமரத்திலிருந்து விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் அறுக்கக் கூடாது, கூர்மையான ரம்பத்தால் அறுக்க வேண்டும். பிளாஸ்டிக் வேர்த்தடுப்புத் தகட்டை எல்லோரும் பெரிதாக நம்புகிறார்கள். வேர் தகட்டுக்குக் கீழே இறங்கி, மறுபக்கம் மேலே ஏறி வருவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள்.

இதற்குப் பெரிய உதாரணம் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம். 2012ல் அந்த நகர மன்றம் சாலைப் பராமரிப்பை 25 ஆண்டுக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தது. நகரத்தின் 36,000 தெருமரங்களில் 17,500ஐ அகற்றிப் புதிதாக நடுவது ஒப்பந்தத்திலேயே இருந்தது. நடைபாதையைத் தூக்கியது, கல் விளிம்பைத் தள்ளியது என்ற காரணங்களுக்காக நலமான மரங்களும் விழுந்தன. 2016 நவம்பரில் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணியளவில் போலீஸ் துணையோடு வந்து ஒரு தெருவில் எட்டு மரங்களை வெட்டினார்கள். எதிர்த்து நின்ற முதியவர்களைக் கைது செய்தார்கள். எதிர்ப்பு பெரிதாகி 2018ல் வெட்டு நின்றது. அதற்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போயிருந்தன. பிறகு மன்றமும் மக்களும் சேர்ந்து ஒவ்வொரு மரமாகப் போய்ப் பார்த்தபோது, வெட்டுப் பட்டியலில் இருந்த பலவற்றை மேலே சொன்ன மாதிரிச் சின்னச் சின்ன வேலைகளாலேயே நிறுத்தி வைக்க முடிந்தது. 2023ல் வந்த சுதந்திர விசாரணை அறிக்கை நகர மன்றத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. இத்தனை மரம் வெட்ட வேண்டும் என்ற எண்ணை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், அப்புறம் எந்த மரத்தையும் தனியாகப் பார்க்க யாருக்கும் தேவையில்லாமல் போய்விடுகிறது. எனக்கு இதில் மிகவும் உறுத்துவது அதுதான்.

வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நட்டுவிடலாமே?

படம் எடுத்துப் போட அழகான காட்சி. கணக்கைப் பாருங்கள். அரை மீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு, விட்டத்தைப் போல பத்து மடங்கு என்ற கணக்கில் ஐந்து மீட்டர் அகல வேர்மண் உருண்டை வேண்டும். ஒரு மீட்டர் ஆழம் வைத்தால் கிட்டத்தட்ட 20 கனமீட்டர் மண். எடை முப்பது டன்னைத் தாண்டும், அதற்கு மேல் மரத்தின் எடை. அதைத் தூக்கக் கிரேன் வரும், ஆனால் மின்கம்பிகளுக்கு நடுவே எப்படிக் கொண்டுபோவது? அதனால் நடைமுறையில் உருண்டையைப் பாதியாக்கி, கிளைகளை மொட்டையடித்துக் கொண்டுபோகிறார்கள். அவ்வளவு பெரிய உருண்டையோடு எடுத்தாலும் சல்லிவேரில் பெரும்பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

குளிர்நாடுகளில் ஒரு கணக்கு சொல்வார்கள்: பெயர்த்து நட்ட மரம் பழைய நிலைக்குத் திரும்ப, விட்டத்தில் ஒவ்வொரு இரண்டரை செ.மீ.க்கும் ஏறத்தாழ ஒரு வருஷம். அப்படியென்றால் அரை மீட்டர் மரத்துக்கு 20 வருஷம். வெப்ப நாடுகளில் வேர் வேகமாக வளரும், இவ்வளவு ஆகாது. இருந்தாலும் முதல் சில வருஷம் யார் தண்ணீர் ஊற்றுவார் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். இளமரம், சில மாதம் முன்பே ஒவ்வொரு பக்கமாக வேரறுத்துப் புதுச் சல்லிவேர் விடவைத்த மரம், வெட்டிய கொம்பை நட்டாலே துளிர்க்கும் ஆல், அரசு போன்ற இனங்கள் இவை நன்றாகப் பிழைக்கும். பெயர்த்து நடுவோம் என்று சொல்லிப் பெரிய மரங்களுக்கு அனுமதி வாங்குவதுதான் எனக்குச் சங்கடம். துளிர்த்த முதல் மாதப் படத்தை வெற்றி என்று காட்டுவார்கள். அந்தத் துளிர் சேமிப்பிலிருந்து வந்தது. மூன்றாம் வருஷப் படத்தைக் கேளுங்கள்.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட்டால் ஈடாகிவிடாதா?

12 மீட்டர் விரிப்புள்ள, அதாவது கிளைகள் அவ்வளவு அகலத்துக்குப் பரந்த மரம் 113 சதுர மீட்டருக்கு நிழல் தருகிறது. ஒரு மீட்டர் விரிப்புள்ள கன்று முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அன்றைய நிழலுக்கு ஈடு 144 கன்று. பத்து எங்கே, 144 எங்கே! அந்தப் பத்தும் அதே தெருவில் நடப்படுவதில்லை. எங்கேயோ ஒரு புறம்போக்கில் வரிசையாக நட்டு எண்ணிக்கை காட்டப்படும். நிழல் இழந்தவர் ஒருவர், கன்று கிடைத்தவர் வேறொருவர்.

கன்று மரமாகவும் வேண்டும், இல்லையா? இங்கேதான் மண் அளவு வருகிறது. விரிப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 0.6 கனமீட்டர் நல்ல மண் வேண்டும் என்பது நகர மர வளர்ப்பில் 1990களிலிருந்து புழங்கும் கணக்கு. நாம் வழக்கமாகத் தோண்டும் ஒரு மீட்டர் நீள, அகல, ஆழக் குழியைச் சுற்றி மண் இறுகிக் கிடந்தால், அதற்குள் ஒன்றரைச் சதுர மீட்டர் விரிப்புக்கு மேல் மரம் செழிக்காது. பழைய பெரிய மரத்துக்கு இணையாக ஒன்று வளர 68 கனமீட்டர் வேண்டும். எனவே பத்துச் சின்னக் குழிக்குப் பதில் இரண்டு நல்ல குழி வெட்டினால்தான் இருபது வருஷம் கழித்து நிழல் கிடைக்கும். எண்ணிக்கையைக் கேட்டு மகிழும் கூட்டத்தில் இதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

68 கனமீட்டர் மண்ணை நடைபாதைக்கு அடியில் எப்படி வைப்பது? மண் தளர்ந்திருந்தால் மேலே போட்ட தளம் உள்வாங்குமே?

நல்ல கேள்வி, பொறியாளர்கள் கேட்கும் கேள்வி. தளத்தைத் தாங்க மண் இறுகியிருக்க வேண்டும், வேருக்குத் தளர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே அளவு உடைகல்லையும் களிமண்பாங்கான மண்ணையும் ஏறத்தாழ நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து நிரப்பி இறுக்குவார்கள். கல்லோடு கல் முட்டி நின்று பாரத்தைத் தாங்கும், இடைவெளியில் உள்ள மண்ணில் வேர் ஓடும். ஸ்டாக்ஹோமில் இன்னும் பெரிய கற்களை, 10 முதல் 15 செ.மீ. அளவில், நிரப்பி, இடைவெளிக்குள் மண்ணைத் தண்ணீர் அடித்து இறக்குகிறார்கள். மரக்கரித்தூளும் சேர்ப்பதுண்டு. மேலே காற்றோட்டத்துக்கு ஒரு கல்லடுக்கு, தெருவின் மழைநீர் அதற்குள்ளேயே இறங்கும். பிளாஸ்டிக் சட்டகங்கள் தளத்தைத் தாங்க, உள்ளே தளர்ந்த மண் இருக்கும் முறையும் உண்டு. அதில் வேருக்குக் கிடைக்கும் மண் அதிகம், செலவும் அதிகம்.

கல் கலந்த படுகையில் ஐந்தில் ஒரு பங்குதான் மண் என்பதைக் கணக்கில் மறந்துவிடாதீர்கள். மறந்தவர்கள் உண்டு.

குடிநீர்க் குழாய், கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டாமல் முடியாதே?

வேர்ப்பகுதிக்குள் மட்டும் தோண்டாமல் இருந்தால் போதும். ஒரு மீட்டருக்குக் கீழே கிடைமட்டமாகத் துளைத்துக் குழாயை இழுத்துவிடலாம், வேர் பெரும்பாலும் அதற்கு மேலேதான். துளைக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் அந்தச் சில மீட்டரைக் கையால் தோண்டி, தடித்த வேருக்கு அடியில் குழாயை நுழைக்கலாம். ஆளுக்கொரு தடவை வந்து தோண்டாமல் எல்லாத் துறையும் ஒரே பள்ளத்தைப் பகிர்ந்துகொண்டால் பாதிப் பிரச்சினை இருக்காது. அது பொறியியலில் தீராது, ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.

வேலை நடக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வேலை தொடங்கும் முன்பே வேலி. அடிமரத்தைச் சுற்றிச் சாக்கு கட்டுவதை மரப் பாதுகாப்பு என்று சொல்கிறார்கள். பட்டை உரியாமல் இருக்க உதவும், வேருக்கு எதுவும் செய்யாது. வேலி வேர்ப்பகுதி எல்லையில், நகர்த்த முடியாதபடி நிற்க வேண்டும். நிழல் இருக்கிறதே என்று ஜல்லியை அங்கே குவிப்பார்கள், சிமென்ட் கலவை கழுவிய நீரை அங்கேயே கொட்டுவார்கள். அந்த நீர் காரத்தன்மை மிக்கது, மண்ணின் இயல்பையே மாற்றிவிடும்.

மட்டம் உயர்வது இன்னொரு மெளனக் கொலை. சாலைமேல் சாலை போட்டு மட்டம் ஏற ஏற, அடிமரம் மண்ணில் புதைந்துகொண்டே போகும். அடிமரம் வேராக விரியும் இடம், அந்தக் கழுத்துப் பகுதி, காற்றில் இருக்க வேண்டியது. மூடினால் அழுகும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போடச் சொல்லுங்கள். சாலையோர வீடுகளுக்குள் மழைநீர் புகாமல் இருக்கவும் அதுதான் வழி.

அடிமரத்தை ஒட்டிக் கான்கிரீட் போட்டிருந்தால் உடைத்து எடுக்கலாம், கையால்.

எல்லா மரத்தையும் காப்பாற்றத்தான் வேண்டுமா?

இல்லை. இதைச் சொன்னால் மர ஆர்வலர்கள் என்மேல் கோபப்படுவார்கள். அடிமரம் உளுத்து மக்கள் கூடும் இடத்தின் மேல் சாய்ந்து நிற்பது, ஏற்கெனவே வேரறுபட்டுப் பாதி பட்டுப்போனது, நடைபாதை முழுவதையும் அடைத்து நடப்பவரைச் சாலையில் இறக்குவது, இப்படிச் சிலவற்றை விட்டுக்கொடுத்து அந்த வலிமையை நூறு வருஷ மரத்துக்குச் செலவிடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் சண்டை போட்டால் முக்கியமான மரமும் கூட்டத்தோடு போய்விடும்.

ஆனால் பொந்து இருந்தாலே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். குழாயும் உள்ளே வெற்றுதானே, நிற்கவில்லையா? சுற்றியுள்ள நல்ல கட்டையின் தடிமன் அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் பொதுவாக உறுதியானது என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. மரத்தின் சாய்வு, வேர் நிலை, விரிப்பின் எடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒலியலைக் கருவியால் உள்ளே எவ்வளவு உளுத்திருக்கிறது என்று வெட்டாமலே பார்க்கலாம். கண்ணால் பார்த்து ‘ஆபத்தான மரம்’ என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தால் அந்தச் சோதனையைக் கேளுங்கள்.

தெரு அழகுக்கு ஒரே வகை மரத்தை வரிசையாக நடலாமா?

பார்க்க அழகுதான். அமெரிக்க நகரங்கள் எல்ம் மரத்தை அப்படித்தான் நட்டன. 1930களில் தொடங்கிப் பரவிய பூஞ்சை நோயில் தெருத் தெருவாகப் பட்டுப்போயின. பல ஊர்கள் அதற்குப் பதிலாக ஆஷ் மரத்தை வரிசையாக நட்டன. 2002ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட பச்சைத் துளைப்பான் வண்டு அவற்றையும் தின்றது. இரண்டு முறை அதே பாடம்! ஓர் இனம் 10 சதவீதத்துக்கு மேல், ஒரு பேரினம் 20க்கு மேல், ஒரு குடும்பம் 30க்கு மேல் ஊரில் வேண்டாம் என்று அமெரிக்க மர ஆய்வாளர் ஃபிராங்க் சாண்டமூர் 1990ல் ஒரு விதி சொன்னார். நான் செய்வது இது: ஒரு தெருவுக்கு உருவத்தில் ஒத்துப்போகும் இரண்டு மூன்று இனங்கள், அடுத்த தெருவுக்கு வேறு.

அழகு என்று வரும்போது மரத்தைவிட அதன் பக்கத்தில் உள்ளவைதான் கெடுக்கின்றன. விளக்குக் கம்பத்தை மரத்தைவிட உயரமாக நிறுத்திவிட்டு, வெளிச்சம் விழவில்லை என்று கிளையை வெட்டுவார்கள். கம்பத்தைத் தாழ்த்தி விரிப்புக்குக் கீழே வைத்தால் நடைபாதைக்கு வெளிச்சமும் கிடைக்கும். மின்கம்பிக்குக் கீழே சிற்றின மரம் மட்டும் நடுங்கள், பெரியதை நட்டுவிட்டு வருஷா வருஷம் உச்சியை வெட்டாதீர்கள். உச்சி வெட்டிய மரத்தில் வரும் புதுக்கிளை பலவீனமானது, பின்னால் அதுதான் முறிந்து விழும்.

மரத்துக்குப் பண மதிப்புப் போட முடியுமா?

முடியும். அடிமரத்தின் குறுக்குப் பரப்பை வைத்து ஈட்டு மதிப்புப் போடும் ‘கேவட்’ முறை பிரிட்டனில் இருக்கிறது. அமெரிக்க வனத்துறை 2006 முதல் இலவசமாகத் தரும் ‘ஐ-ட்ரீ’ மென்பொருள் நிழல், மழைநீர், காற்று மாசு என்று பயன்களைக் கணக்கிடும். மதிப்பு எழுதப்படாத பொருள் திட்டச் செலவில் பூஜ்யமாக இருக்கும், அதற்காகவாவது போட வேண்டும்.

நாங்கள் எப்போது போய்க் கேட்பது? ரம்பம் வந்த அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிகிறது.

அன்றைக்குப் போனால் ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். திட்ட வரைபடம் தயாராகும் கட்டத்திலேயே மூன்று தாள்களைக் கேளுங்கள். ஒவ்வொரு மரத்தையும் இனம், சுற்றளவு, நிலை, வேர் வட்டத்தோடு குறித்த வரைபடம் ஒன்று. மரம் நிற்கும் இடத்தில் வெட்டிப் பார்த்த குறுக்குவெட்டுப் படம் ஒன்று, வடிகால் ஆழமும் அதில் தெரிய வேண்டும். மூன்றாவது, வடிகால், குழாய், கேபிள் எல்லாம் ஒன்றாகக் காட்டும் படம். முதல் தாளில் எண்ணிக்கை மட்டும் இருந்து வட்டம் இல்லையென்றால், மரங்களைப் பற்றி இன்னும் யாரும் யோசிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

அதிகாரிகளோடு தெருவில் நடந்து பார்க்கும் நாள் கிடைத்தால், முந்தின நாளே சுண்ணாம்புத் தூளால் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் அந்த வட்டத்தைத் தரையில் போட்டுவிடுங்கள். வடிகால் வரப்போகும் கோட்டையும் வேறு நிறத்தில் இழுங்கள். இரண்டும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்த்தபடி நிற்கும் பொறியாளர், பேச்சை அங்கிருந்தே தொடங்குவார். ஒப்பந்தத்தில் மர உயிர்ப்புக்கு மூன்று வருஷப் பொறுப்பும், அது முடியும்வரை ஒரு பகுதித் தொகையைப் பிடித்து வைப்பதும் சேர்க்கச் சொல்லுங்கள். வேரறுந்த பல மரங்கள் காய ஆரம்பிப்பது அந்தக் காலத்துக்குள்தான்.